வீடும் தொழிலும் ஒரே மனையில் இருந்தால்: பராமரிப்புச் செலவுக்கு வருமான வரிக் கழிவு, படிப்படியாக

முன்னால் மளிகைக் கடை, பின்னால் வீடு. கீழே பட்டறை, மாடியில் குடித்தனம். ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு பக்கம் தறி ஓடுகிறது, மறுபக்கம் குக்கர் விசில் அடிக்கிறது. குமாரபாளையம், சோமனூர், சிவகாசி என்று எந்தத் தொழில் ஊருக்குப் போனாலும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இப்படி ஒரு இடம் இருந்தால் வருடா வருடம் செலவும் வரும். கூரை ஒழுகும், போர் மோட்டார் புகையும், மதில் சாயும்.

இந்தச் செலவைத் தொழில் கணக்கில் எழுதலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். "வீடும் சேர்ந்து இருக்கிறது, எதற்கு வம்பு, எழுதாதீர்கள்" என்பது ஒன்று. "எல்லாமே தொழில்தான், மொத்தமாக எழுதிவிடுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே சட்டத்தில் இல்லாதவை. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இந்த நிலைமைக்கென்றே எழுதப்பட்டது. இடத்தின் ஒரு பகுதியில் குடியிருந்தால், தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு ஏற்ற செலவை மட்டும் கழிக்கலாம் என்கிறது அது. அந்தப் பங்கு எவ்வளவு என்பதற்குச் சட்டம் சூத்திரம் எதுவும் தரவில்லை. "நியாயமான விகிதம்" என்று சொல்லி, முடிவை வரி அதிகாரியிடம் விட்டிருக்கிறது. அதனால் அவர் கேட்பதற்கு முன்பே நியாயத்தை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 2025-26 நிதியாண்டு வரையிலான கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும். புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, இங்கே பேசும் அடிப்படை அப்படியே இருக்கிறது. கீழே தருவது எல்லாம் 1961 சட்டத்தின் எண்கள், ஆடிட்டர்கள் இன்னும் வாயில் சொல்வதும் அவைதான்.

படி 1: இந்தக் கணக்கு உங்களுக்குத் தேவைதானா?

பலரும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. சிறு வியாபாரிகளில் நிறையப் பேர் 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிறார்கள். விற்றுமுதல் 2 கோடி வரை, அல்லது ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை, லாபத்தை 8 சதவீதம் என்றும் வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் என்றும் காட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அப்படிக் காட்டினால் 30 முதல் 38 வரையுள்ள பிரிவுகளின் கழிவுகள் எல்லாம் ஏற்கெனவே தரப்பட்டதாகவே கருதப்படும். தனியாக வெள்ளையடித்த செலவு, தேய்மானம் (கட்டடம், இயந்திரம் இவற்றின் விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது) என்று எதையும் கேட்க முடியாது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்றோர் 50 சதவீத லாபம் காட்டும் 44ஏடிஏ பிரிவிலும் இதே கதைதான்.

சரி, 44ஏடி-யை விட்டு வெளியே வரலாமா? வரலாம், ஆனால் விலை உண்டு. அதில் ஒரு வருடம் கணக்குக் காட்டிவிட்டு அடுத்த ஐந்து வருடத்துக்குள் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், அதற்குப் பிறகு ஐந்து வருடம் திரும்ப நுழைய முடியாது. வருமானம் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். 80,000 ரூபாய் பராமரிப்புச் செலவைக் கழிப்பதற்காக இந்த வலைக்குள் போவதில் அர்த்தமில்லை. ஆடிட்டர் கட்டணமே மிச்சத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்று. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், இந்தியாவில் வசிக்கும் தனிநபரின் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், சிறப்பு விகித வருமானங்கள் நீங்கலாக, தள்ளுபடி போக வரி பூஜ்யம். லாபமே 7 லட்சம் என்றால் கழிவு தேடி அலைய வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் வைத்து, உண்மையான லாபத்தைக் காட்டி, வரி கட்டும் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு படிப்பது லாபம். தொழில் செலவுகளைக் கழிப்பதற்கும் சாதாரணத் தேய்மானத்துக்கும் புதிய முறை, பழைய முறை என்ற வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் உண்டு.

படி 2: இடம் யார் பேரில்?

நம் ஊர்களில் மனை அப்பா பேரில், தொழில் மகன் பேரில், கரண்ட் சர்வீஸ் தாத்தா பேரில் இருக்கும். வரிக்கு இது முக்கியம்.

இடமும் தொழிலும் உங்கள் பேரில் இருந்தால் பழுதுபார்ப்பு, சொத்து வரி, காப்பீடு, தேய்மானம் நான்கிலும் தொழில் பங்கைக் கழிக்கலாம். தொழிலுக்குப் பயன்படுத்தும் பகுதிக்கு வீட்டு வருமானம் என்ற தலைப்பில் எதுவும் காட்ட வேண்டியதில்லை, 22ஆம் பிரிவே அதை விலக்கிவிடுகிறது. உங்களுக்கு நீங்களே வாடகை கொடுப்பதாக எழுதுவது மட்டும் கூடாது.

இடம் அப்பா பேரில் இருந்து, அவருக்கு வாடகை கொடுத்தால் அது உங்களுக்குச் செலவு, அவருக்கு வருமானம். அவர் அந்த வாடகையில் சொத்து வரியைக் கழித்துவிட்டு, மீதியில் 30 சதவீதத்தைக் கேள்வி இல்லாமல் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் ஒரு ரூபாய்கூடப் பழுதுபார்க்காவிட்டாலும் அந்த 30 சதவீதம் உண்டு, அதற்கு மேல் செலவானாலும் அவ்வளவுதான். வாடகை ஊர் நிலவரத்துக்குப் பொருந்த வேண்டும். உறவினருக்குக் கொடுக்கும் மிகையான தொகையை 40ஏ(2) பிரிவில் வெட்டிவிடுவார்கள்.

வாடகையே கொடுக்காமல் அப்பாவின் இடத்தில் தொழில் செய்தால்? கட்டடம் உங்களுடையது இல்லை என்பதால் அதற்குத் தேய்மானம் கேட்க முடியாது. நீங்கள் செலவழித்த நடப்புப் பழுதுபார்ப்பைக் கேட்கலாம். குத்தகை அல்லது வேறு வகை அனுபவ உரிமையோடு இருக்கும் இடத்தில் நீங்கள் பணம் போட்டுச் செய்த மேம்பாட்டுக்கு மட்டும், அந்தக் கட்டடம் உங்களுடையது போலவே கருதித் தேய்மானம் தரச் சட்டம் அனுமதிக்கிறது. இதற்கு ஒரு எளிய அனுமதிக் கடிதமாவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அப்பா மகனுக்குள் என்ன பத்திரம் என்று கூச்சப்படுகிறவர்கள்தான் பிறகு விளக்கம் எழுதுகிறார்கள்.

மொத்தக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்து, கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்களுக்கு விகிதம் பரப்பளவை வைத்து வராது. 38(1) பிரிவு வாடகைக்கு "ஆண்டு மதிப்பின் விகிதம்" என்று சொல்கிறது, அதாவது ஒவ்வொரு பகுதியும் வருடத்துக்கு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற கணக்கு. தெருவைப் பார்த்த தரைத்தளமும் மாடியும் ஒரே அளவு என்றாலும் ஒரே மதிப்பு இல்லை. அதே தெருவில் அப்படிப்பட்ட கடை 14,000 ரூபாய்க்கும் மாடி வீடு 8,000 ரூபாய்க்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மொத்தமாகக் கொடுப்பது 20,000. தொழில் பங்கு 22-இல் 14, அதாவது மாதம் சுமார் 12,727 ரூபாய். பரப்பளவில் பிரித்திருந்தால் 10,000தான் கிடைத்திருக்கும். வாடகைதாரர் செய்யும் பழுதுபார்ப்புக்குக் கழிவு வேண்டுமென்றால், பழுது உங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 3: அளந்து, வரைந்து, தேதி போடுங்கள்

டேப்பை எடுத்து அளங்கள். கட்டட அனுமதி வரைபடமோ சொத்து வரி மதிப்பீட்டு நகலோ இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். தொழில் பகுதி, வீட்டுப் பகுதி, இரண்டுக்கும் பொதுவான பகுதி என்று மூன்றாகப் பிரியுங்கள். மாடிப்படி, நடை, பொதுக் கழிப்பறை ஆகியவற்றை இரண்டு பக்கத்திலும் சேர்க்காமல் விட்டுவிட்டு விகிதம் போடுங்கள்.

பகலில் சரக்கு மூட்டை அடுக்கி, ராத்திரியில் பிள்ளைகள் படுக்கும் கூடம் இருக்கும். யூடியூபில் அமெரிக்க விளக்கங்களைப் பார்த்துவிட்டு, முழுக்க முழுக்கத் தொழிலுக்கே ஒதுக்காத இடத்துக்குக் கழிவே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது அங்குள்ள விதி. இங்கே 38(2) பிரிவு, முழுவதும் தொழிலுக்குப் பயன்படாத கட்டடத்துக்கும் நியாயமான பங்கு உண்டு என்றே சொல்கிறது. 200 சதுர அடிக் கூடம் பாதி நேரம் தொழிலுக்கு என்றால் 100 சதுர அடி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரே தாளில் வரையுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நின்று ஒரு போட்டோ. கீழே தேதி, கையெழுத்து. நிதியாண்டின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். நோட்டீஸ் வந்தபிறகு வரைந்த படத்துக்கு மதிப்புக் குறைவு.

படி 4: செலவை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு பில் வரும்போதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இடத்தில் தொழில் இல்லாவிட்டாலும் இந்தச் செலவு வந்திருக்குமா, வீடு இல்லாவிட்டாலும் வந்திருக்குமா?

பட்டறையின் ஷீட் உடைந்தது, கடை ஷட்டர் சிக்கியது, தறிக்கூடத்துக்கு வயரிங் பார்த்தது எல்லாம் முழுக்கத் தொழில். இதில் விகிதமே கிடையாது, நூற்றுக்கு நூறு கழிக்கலாம். எல்லாச் செலவையும் ஒரே 60 சதவீதத்தால் பெருக்கிவிட்டு, முழுதாகக் கிடைக்க வேண்டியதில் 40 சதவீதத்தை விட்டுக்கொடுப்பவர்கள் ஏராளம். சமையலறை டைல்ஸ், படுக்கையறை ஏசி, வாசல் துளசி மாடம் எல்லாம் முழுக்க வீடு, ஒரு பைசாவும் கிடையாது. வாசலில் இருக்கும் பிள்ளையார் யார் கணக்கில் என்று கேட்காதீர்கள், அவரை வீட்டுக் கணக்கில் வைத்துவிடுவது நிம்மதி.

மீதி இருப்பதுதான் பொதுச் செலவு. தலைவலி அங்கேதான்.

படி 5: பொதுச் செலவுக்கு எந்த அளவுகோல்?

எல்லாப் பொதுச் செலவுக்கும் சதுர அடியே போதும் என்பது சோம்பேறித்தனம். செலவு எதனால் வந்ததோ அதை ஒட்டி அளவுகோல் இருக்க வேண்டும்.

வெளிச்சுவர் வெள்ளையடிப்பு, கரையான் மருந்து, மொட்டை மாடி ஒழுகல் அடைப்பு இவற்றுக்குச் சதுர அடி சரி. கீழே கடை, மேலே வீடு என்றால் மொட்டை மாடி வீட்டுக்கு மேலே இருப்பதுபோல் தெரிந்தாலும், அந்த நீர் சுவர் வழியாகக் கடைக்குத்தான் இறங்கும். அதனால் அது முழுக் கட்டடத்துக்கும் பொது. பட்டறை தனிக் கட்டடமாக ஒதுங்கி நின்றால் வீட்டு மொட்டை மாடி வீட்டுக்கு மட்டும்தான்.

உள்ளே வரும் பாதைக்கும் கேட்டுக்கும் சதுர அடி பொருந்தாது. பேவர் கல் உடைவது ஸ்கூட்டரால் இல்லை, நூல் மூட்டை ஏற்றி வரும் வண்டியால். வாரத்துக்கு எத்தனை சரக்கு வண்டி வந்தது என்று இ-வே பில்லும் டெலிவரி சலானும் சொல்லும். அதை வைத்து 75 அல்லது 80 சதவீதம் கேட்டாலும் நியாயம் பேச முடியும். சரக்கு வண்டியே வராத தையல் யூனிட் என்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

போர்வெல், மோட்டார், சம்ப் இவற்றுக்கு அளவுகோல் தண்ணீர். சாயப் பட்டறை வைத்திருப்பவருக்குத் தண்ணீரில் பெரும்பகுதி தொழிலுக்கு. விசைத்தறிக்குத் தண்ணீர் பெரிதாக வேண்டாம், ஆட்கள் குடிக்கவும் கை கால் கழுவவும்தான். 60 சதவீதப் பரப்பு என்பதற்காகத் தறிக்காரர் மோட்டார் காயில் கட்டிய செலவில் 60 சதவீதம் கேட்டால், விவரம் தெரிந்த அதிகாரி சிரிப்பார். 20 சதவீதம் கேட்டுவிட்டு, மற்ற இடங்களில் உங்கள் பேச்சுக்கு மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் கணக்கு. வேலைக்கு வரும் ஆட்கள், அவர்கள் இருக்கும் நேரம், வீட்டில் இருப்போர் என்று எளிமையாகப் பிரித்தால் போதும். ஜெனரேட்டர், இன்வெர்ட்டருக்கு எந்தச் சுமை அதில் ஓடுகிறது என்பது அளவுகோல். இவை 31ஆம் பிரிவில் வரும் இயந்திரச் செலவு, ஆனாலும் 38(2) விகிதம் இவற்றுக்கும் உண்டு. காவலாள், சிசிடிவி பராமரிப்பு, பொது விளக்கு ஆகியவை பழுதுபார்ப்பு இல்லை, 37ஆம் பிரிவின் பொதுச் செலவில் வரும். சொந்தச் செலவு கலக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்வதால், வீட்டுப் பங்கை முதலிலேயே கழித்துவிட்டு எழுதுங்கள்.

மின்சாரத்துக்கு விகிதமே வேண்டாம். தனி சர்வீஸ் வாங்கிவிடுங்கள். வீட்டு இணைப்பில் கடையோ பட்டறையோ ஓட்டுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அனுமதியற்ற பயன்பாடு, இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். வரிக்கும் தனி மீட்டரை விடச் சுத்தமான சாட்சி கிடையாது.

தோப்புக்குள் வீடும், அதே நிலத்தில் கயிறு மில்லும் வைத்திருக்கும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு விகிதம் இரண்டு பேருக்கு இல்லை, மூன்று பேருக்கு: வீடு, விவசாயம், மில். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதற்கான செலவைக் கழிக்கவும் முடியாது, 14ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. கிணற்றுச் செலவில் பெரும்பங்கு தென்னைக்குத்தான் போகும், அந்தப் பங்கை மில் கணக்கில் ஏற்றாதீர்கள்.

தேர்ந்தெடுத்த அளவுகோலை வருடா வருடம் மாற்றாதீர்கள். நிலைமை மாறினால் மட்டும் மாற்றுங்கள், ஏன் மாற்றினேன் என்று அதே தாளில் எழுதுங்கள்.

படி 6: பழுதா, புதுசா?

பங்கு சரியாக இருந்தும் கழிவு போய்விடும் இடம் இதுதான். 30ஆம் பிரிவு உரிமையாளருக்குக் கொடுப்பது "நடப்புப் பழுதுபார்ப்பு" மட்டும். மூலதனச் செலவு இதில் சேராது என்பதை 2004 ஏப்ரல் 1 முதல் ஒரு விளக்கமே சேர்த்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள்.

இருக்கிற சொத்தை இருக்கிறபடி காப்பாற்றச் செய்தது பழுதுபார்ப்பு. புதுச் சொத்தையோ புது நன்மையையோ கொண்டுவந்தால் மூலதனம். பல்லிமல் நவல் கிஷோர் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் ஏற்றது. அங்கே ஒரு சினிமா தியேட்டரில் புது இயந்திரம், புது இருக்கைகள், புதுக் கழிப்பறைச் சாமான்கள், புது வயரிங் எல்லாம் ஒரே வீச்சில் போட்டு, கட்டடத்திலும் பெரிய வேலை செய்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சில பழுதுபார்ப்பு போலத் தெரியலாம். மொத்தமாகப் பார்த்து, இது நடப்புப் பழுதுபார்ப்பு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2007இல் சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் ரிங் ஃபிரேம் என்ற நூல் நூற்கும் இயந்திரத்தை மாற்றியதை, மில் என்ற பெரிய இயந்திரத்தின் ஒரு பாகத்தை மாற்றியதாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு இயந்திரமும் தனி இயந்திரம்தான் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. தறிக்காரருக்கு இதன் பொருள்: தறியின் மோட்டாரையோ ஷட்டிலையோ மாற்றினால் பழுது, தறியையே மாற்றினால் புதுசு.

கட்டடத்துக்கு வருவோம். அறுபது ஷீட்டில் ஆறு உடைந்து மாற்றினால் பழுது. ஷீட்டைத் தூக்கிவிட்டு கான்கிரீட் போட்டால் மூலதனம். பெயர்ந்த தரையைப் பூசினால் பழுது, கிரானைட் போட்டால் மூலதனமா என்ற கேள்வி வரும். சாய்ந்த பத்தடி மதிலை அதே உயரத்துக்குக் கட்டினால் பழுது, இல்லாத இடத்தில் மதில் எழுப்பினால் மூலதனம். பில்லில் "ரிப்பேர்" என்று எழுதியிருப்பதால் மட்டும் எதுவும் பழுதாகிவிடாது. என்ன வேலை, எத்தனை அடி, என்ன பொருள் என்று மேஸ்திரியிடம் விவரமாக எழுதி வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோ அதை விடப் பேசும்.

படி 7: மூலதனமானால் தேய்மானம்

மூலதனம் என்று ஆனால் பணம் போய்விடவில்லை, மெதுவாக வரும். தொழில் கட்டடத்துக்கு வருடம் 10 சதவீதம், குறைந்துவரும் மதிப்பில், அதாவது முந்தைய வருடத் தேய்மானம் போக மீதியுள்ள மதிப்பில். ஆனால் "பெரும்பாலும் குடியிருப்பு" என்றால் 5 சதவீதம்தான். மொத்தக் கட்டுமானப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ குடியிருப்பாக இருந்தால் அந்தக் கட்டடம் பெரும்பாலும் குடியிருப்பு என்று விதிகள் சொல்கின்றன. கீழே 500 சதுர அடிக் கடை, மேலே இரண்டு மாடியில் 1,500 சதுர அடி வீடு என்றால் கடைக்கு 5 சதவீத விகிதம்தான். தனியாக நிற்கும் பட்டறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: இந்த விதியில் கட்டடம் என்றால் சாலை, கிணறு, குழாய்க் கிணறு எல்லாம் அடக்கம். புதிதாக போர் போட்டால் அதன் தொழில் பங்குக்குக் கட்டடத் தேய்மானம், மேலே வைக்கும் மோட்டாருக்கு இயந்திரத்தின் 15 சதவீதம். நிலத்துக்கு மட்டும் எப்போதும் தேய்மானம் இல்லை, அதனால் வாங்கிய விலையில் மனை மதிப்பைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அந்த வருடம் பாதி விகிதம்தான்.

வீடாக இருந்த அறையைக் கடையாக மாற்றினால், கட்டிய விலையை அப்படியே எடுக்க முடியாது. கட்டிய நாள் முதல் தொழிலில் இருந்திருந்தால் எவ்வளவு தேய்ந்திருக்குமோ அதைக் கழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் 10 லட்சத்தில் கட்டியது என்றால் 10 சதவீத விகிதத்தில் மீதி சுமார் 3,48,700 ரூபாய். "தேய்மானமே வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்றும் சொல்ல முடியாது, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கணக்கில் அது குறைந்துகொண்டேதான் வரும்.

படி 8: சொத்து வரி, காப்பீடு, வட்டி

சொத்து வரியில் கடைப் பகுதியும் வீட்டுப் பகுதியும் தனித்தனியாக மதிப்பிடப்பட்டிருந்தால் விகிதம் தேவையில்லை, கடைக்கான ரசீதை முழுதாக எழுதுங்கள். மொத்த இடமும் வீடு என்றே பதிவாகியிருந்தால், வரிக் கழிவு கேட்பதற்கு முன் நகராட்சியில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரு அரசு அலுவலகத்தில் வீடு, இன்னொன்றில் கடை என்று சொல்வது நிற்காது. 43பி பிரிவின்படி சொத்து வரி உண்மையில் கட்டினால்தான் கழிவு. அந்த வருடத்துக்கான பாக்கியை ரிட்டர்ன் கெடு தேதிக்குள் கட்டினாலும் சரி.

தீக் காப்பீட்டில் கட்டடத்தையும் இயந்திரத்தையும் தனித் தனித் தொகையாகப் போடச் சொல்லுங்கள். கட்டடத்துக்கு விகிதம், இயந்திரத்துக்கு முழுத் தொகை.

கடன் வட்டியில் நல்ல லாபம் ஒளிந்திருக்கிறது. கட்டடத்துக்கு வாங்கிய கடனில் வருட வட்டி 2,60,000 என்று வையுங்கள். பணம் 60 சதவீதம் பட்டறை கட்டப் போனது என்றால், 1,56,000 ரூபாய் 36ஆம் பிரிவில் தொழில் வட்டி. அதற்கு 2 லட்சம் என்ற வீட்டுக் கடன் வரம்பு கிடையாது, புதிய வரி முறையிலும் கிடைக்கும். மீதி 1,04,000 வீட்டு வட்டி. குடியிருக்கும் வீடு என்றால் அது பழைய முறையில் மட்டும்தான். கடனின் பெயர் என்ன என்பதை விடப் பணம் எங்கே போனது என்பதே முக்கியம், எனவே வங்கி விடுவித்த ஒவ்வொரு தவணையும் எந்தப் பில்லுக்குப் போனது என்று காட்ட முடிய வேண்டும். பட்டறை பயன்பாட்டுக்கு வரும் நாள் வரையான வட்டி மட்டும் கட்டட விலையில் சேரும்.

படி 9: பணத்தை எப்படிக் கொடுத்தீர்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் 28,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுப்பீர்கள், அவர் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பிரிப்பார். வரிக் கணக்கில் அது ஒரே ஆளுக்கு ஒரே நாளில் கொடுத்த 28,000. 10,000 ரூபாயைத் தாண்டிய ரொக்கத்தை 40ஏ(3) பிரிவு முழுதாக வெட்டிவிடும். மூலதன வேலை என்றால் அந்தத் தொகை சொத்தின் விலையிலேயே சேராது. மேஸ்திரிக்கு ஜிபே செய்யுங்கள், தொழில் கணக்கிலிருந்தே செய்யுங்கள். வீட்டு வேலைக்கு வீட்டுக் கணக்கு. பொது வேலையைத் தொழில் கணக்கிலிருந்து கொடுத்துவிட்டு வீட்டுப் பங்கைச் சொந்த எடுப்பு (தொழிலிலிருந்து சொந்தத் தேவைக்கு எடுத்த பணம்) என்று எழுதினால் சுத்தமாக இருக்கும். உங்கள் சொந்த உழைப்புக்கு மதிப்புப் போட்டு எழுத முடியாது.

போன வருட விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால், ஒப்பந்தக்காரருக்கு ஒரே தடவை 30,000 அல்லது வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்கும்போது டிடிஎஸ் (கொடுக்கும் பணத்திலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம். பிடிக்காவிட்டால் செலவில் 30 சதவீதம் கழிவு போகும். முழுக்க வீட்டு வேலைக்கு இது தேவையில்லை.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடப் பழுதுபார்ப்பை வருவாய்ச் செலவாக எழுதினால் தொழில் பங்குக்கு உள்ளீட்டு வரி எடுக்கலாம், அதாவது அந்த பில்லில் கொடுத்த ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதையே மூலதனமாக்கினால் உள்ளீட்டு வரி அடைபட்டுவிடும். உள்ளீட்டு வரி எடுத்த தொகையை மறுபடி செலவிலோ தேய்மானத்திலோ சேர்க்கக் கூடாது. காம்போசிஷனில் (உள்ளீட்டு வரி எடுக்காமல் விற்றுமுதலில் சிறு சதவீதம் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

ஒரு முழுக் கணக்கு

கற்பனையாக ஒரு தறிக்காரரை எடுத்துக்கொள்வோம். தனியாக நிற்கும் தறிக்கூடம் 1,200 சதுர அடி, வீடு 800. பரப்பு விகிதம் 60க்கு 40. ஒரு வருடச் செலவு இப்படி:

- தறிக்கூடத்தில் உடைந்த ஷீட் மாற்றியது 14,000. முழுதும் கழிவு.
- வீட்டுச் சமையலறை டைல்ஸ் 35,000. ஒன்றும் இல்லை.
- இரண்டுக்கும் வெளிச்சுவர் பெயின்ட், பிரிக்காத ஒரே பில் 60,000. 60 சதவீதம், 36,000.
- சாய்ந்த மதிலைத் திரும்பக் கட்டியது 25,000. பரப்பு விகிதத்திலேயே 15,000.
- போர் மோட்டார் காயில் 8,000. தண்ணீர் கணக்கில் 20 சதவீதம், 1,600.
- செப்டிக் டேங்க் 3,000. ஆள் கணக்கில் பாதி, 1,500.
- சொத்து வரி: தறிக்கூடம் 6,400, வீடு 1,800. கழிவு 6,400.
- கட்டடக் காப்பீடு 9,000. 60 சதவீதம், 5,400.

மொத்தம் செலவானது 1,62,200. கழிவு 79,900. எல்லாவற்றையும் 60 சதவீதம் என்று கண்ணை மூடிப் போட்டிருந்தால் 97,320 வந்திருக்கும், அதில் சமையலறை டைல்ஸும் இருந்திருக்கும். அந்த 17,420 ரூபாய்க்காக முழுக் கணக்கின் நம்பகத்தையும் பணயம் வைப்பது வீண். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு 270ஏ பிரிவில் வரியில் 50 சதவீத அபராதம், தவறாகக் காட்டியது என்று ஆனால் 200 சதவீதம்.

இதே ஆள் டிசம்பரில் தறிக்கூடத்தை ஒட்டி 2,40,000 ரூபாய்க்கு 200 சதுர அடி ஸ்டோர் கட்டினால் அது மூலதனம். 180 நாள் ஆகாததால் அந்த வருடம் 5 சதவீதம், 12,000 தேய்மானம். அடுத்த வருடம் முதல் விகிதம் 2,200-இல் 1,400, அதாவது 63.6 சதவீதம். தாளில் புதிய படம், புதிய தேதி.

படி 10: ரிட்டர்னில் எங்கே?

ஐடிஆர்-3 படிவம். லாப நட்டக் கணக்கில் கட்டடப் பழுதுபார்ப்பு, இயந்திரப் பழுதுபார்ப்பு, காப்பீடு, வரிகள் என்று தனித்தனி வரிகள் உண்டு. எல்லாவற்றையும் "இதர செலவு" என்று கொட்டாதீர்கள், கேள்வியை அழைப்பது அதுதான். தேய்மானத்துக்குத் தனி அட்டவணை, கட்டடத்துக்கு 5, 10, 40 சதவீதக் கட்டங்கள் தனியாக இருக்கும். 40 என்பது மரக் கொட்டகை போன்ற முழுக்கத் தற்காலிகக் கட்டுமானத்துக்கு மட்டும். பில்கள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்கள், விகிதத் தாள் மூன்றையும் ஒரே ஃபைலில் எட்டு வருடமாவது வையுங்கள். மூலதன பில்களை இடத்தை விற்கும் வரை வைத்திருங்கள்.

விற்கும்போது என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். தேய்மானம் எடுத்த தறிக்கூடக் கட்டடத்தை இருபது வருடம் கழித்து விற்றாலும், மீதி மதிப்புக்கு மேல் வரும் லாபம் 50ஆம் பிரிவில் குறுகிய கால மூலதன ஆதாயம், உங்கள் வழக்கமான விகிதத்தில் வரி. அதன் அடியில் இருக்கும் நிலத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால ஆதாயம். வீடும் அதை ஒட்டிய இடமும் விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் 54ஆம் பிரிவு விலக்கு உண்டு, தறிக்கூடப் பங்குக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் கிரயப் பத்திரத்தில் நிலம், தொழில் கட்டடம், வீடு மூன்றுக்கும் விலையைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிரிப்புக்கு ஆதாரம், இத்தனை வருடமாக நீங்கள் தேதி போட்டு வைத்திருக்கும் அந்த விகிதத் தாள்தான்.